விடியற்கால வியாபாரமும் பக்கவாதமும்

ஊர் உறங்கும் வேளையில்தான் நமக்கு வியாபாரம். நள்ளிரவுக்கு மேல் லோடு இறங்கி, மூட்டை பிரித்து, சிட்டை போட்டு, சில்லறை வியாபாரிகளை அனுப்பிவிட்டு நிமிரும்போது பொழுது விடிந்திருக்கும். மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் மார்க்கெட் இருந்த காலத்திலும் இப்படித்தான், மாட்டுத்தாவணிக்கு வந்த பிறகும் இப்படித்தான். தகப்பனார் காலத்துப் பழக்கம், உடம்புக்கு என்ன வந்துவிடும் என்றே நாமும் இருந்துவிட்டோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை ஏழு மணி சுமாருக்கு, பக்கத்துக் கடைக்காரர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில் கையிலிருந்து பேனா நழுவியது. பேச்சும் சற்றுக் குழறியது. "ராத்திரி முழுக்க முழிப்பு அண்ணாச்சி, கொஞ்சம் கண்ணசந்தால் சரியாகிவிடும்" என்றார். நாமும் ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, கடைக்குள்ளேயே சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். பதினொரு மணிக்கு எழுப்பினால் வலது கையும் காலும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?" என்பதுதான். ஏழு மணி என்றோம். ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் போய்விட்டது. இன்று அவர் இடது கையால் கையெழுத்துப் போடுகிறார். கடையை மகன் பார்க்கிறான். படுக்க வைத்த தவறு நம்முடையது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அந்த ஊசியை அடைப்பு ஏற்பட்ட நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிய வேண்டும். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் மூளையில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தூக்கத்திலிருந்து எழும்போதே பாதிப்போடு எழுபவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்த்து ஊசி போடலாம் என்றும், பெரிய குழாயில் அடைப்பு உள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியை எடுக்கலாம் என்றும் 2018-இல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. அதை நம்பித் தூங்கிவிடக் கூடாது. எல்லோருக்கும் அது பொருந்தாது.

பக்கவாதம் வரும் நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 11,816 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 1998-இல் வெளியான ஆய்வில், காலை 6 மணி முதல் நண்பகல் வரை வந்தவை, நாள் முழுக்கச் சமமாகப் பிரித்தால் வரவேண்டியதைவிட 49 சதவீதம் அதிகம். தூங்கும்போது இறங்கும் ரத்த அழுத்தம் விழிக்கையில் சடாரென ஏறுகிறது. ரத்தத்தில் உறையும் தன்மையும் காலையில் கூடுகிறது. உடம்புக்குள் இருக்கும் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்தவர்களுக்குத்தான் 2017-இல் நோபல் பரிசு தந்தார்கள். நாம் பகலில் படுத்து இரவில் எழுந்தாலும் அது முழுசாக நம் பக்கம் திரும்பாது, சூரிய வெளிச்சம் விடாது. இருபது லட்சம் பேரை உள்ளடக்கிய 2012-ஆம் வருஷ ஆய்வு, முறைமாற்றி வேலை பார்ப்பவர்களுக்கு அடைப்பால் வரும் பக்கவாதம் 5 சதவீதம் கூடுதல் என்றது. ஐந்துதானே என்று தோன்றும். அதோடு பிரஷர், சர்க்கரை, பீடி சிகரெட், நேரம் தவறிய சாப்பாடு என்று நம்மிடம் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு குழப்பம். காலை மாத்திரையைக் காலையில் போடுவதா, எழுந்த பிறகு போடுவதா என்று கேட்டுக்கொண்டே போடாமல் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022-இல் முடிவு வெளியான சோதனையில், பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் பலனில் வித்தியாசம் இல்லை. ஆகவே டாக்டரிடம் நம் தொழில் நேரத்தைச் சொல்லி, மறக்காத ஒரு வேளையை வைத்துக்கொள்ளலாம். சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியது நாம்தான்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். ஆனால் அவர்கள் பகலில் வீட்டுக்கு வரும்போது நாம் தூக்கத்தில் இருக்கிறோம். எனவே மாதம் ஒரு முறையாவது அதிகாலையில் மார்க்கெட்டுக்குள்ளேயே பிரஷர், சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்யும்படி சுகாதாரத் துறையிடம் நம் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. மதுரையில் எந்தெந்த ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் ஸ்கேனும் இந்த ஊசியும் உண்டு என்று கேட்டு எழுதி, 108 எண்ணோடு ஒவ்வொரு கடையிலும் ஒட்டலாம். அரசு ராஜாஜி மருத்துவமனை நமக்குச் சில கிலோமீட்டர்தான். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ மணியைப் பார்த்துச் சிட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். சோடா, காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது. அடுத்த பொதுக்குழுவில் இவற்றைப் பொருள் நிரலில் சேர்க்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் அச்சடிக்கும் செலவு நம்முடையது.