கொடுமணலுக்கு வட்டம் போட்டால் போதாது

மழை விட்ட மறுநாள் சென்னிமலை அருகே கொடுமணலின் உழவுக்காட்டில் நடந்தால் கறுப்பு-சிவப்பு ஓடுகள் காலில் தட்டுப்படும். கண் கூர்மையானவருக்குச் சூதுபவள மணிகூடக் கிடைக்கலாம். பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1980கள் தொட்டுப் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி அறுத்த பட்டறைகளின் எச்சங்களும், ஆட்களின் பெயர்களைத் தமிழி எழுத்தில் கீறிய பானையோடுகளும் வெளிப்பட்டன.

இத்தகைய இடம் தேசிய முக்கியத்துவம் உடையதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் நூறாண்டுப் பழமையையும் வரலாற்று, தொல்லியல், கலை மதிப்பையும் பேசுகிறது. 'தேசிய முக்கியத்துவம்' என்றால் என்ன என்று மட்டும் சொல்லவில்லை. ஏறத்தாழ 3,700 சின்னங்கள் கொண்ட மத்தியப் பட்டியலில் பெரும்பகுதி, 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வெள்ளைக்காரர்கள் பொறுக்கியெடுத்தவை. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவே 2023இல் வரையறை இல்லாத இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. அதற்குப் பத்தாண்டு முன்பு, பட்டியலில் உள்ள 92 சின்னங்களைக் காணோம் என்றது தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை.

கோபுரமோ கோட்டையோ இருந்தால் அதிகாரியின் கண்ணில் படும். கொடுமணல் இருக்கும் கொங்குநாட்டின் சொத்தோ மண்ணுக்குள் கிடக்கிறது, அதுவும் நொய்யல் ஆறு நெடுகச் சிதறி. வெள்ளலூரில் 1842இல் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்தது. இன்று வெள்ளலூர் என்றால் கோவைக்காரருக்கு நினைவு வருவது மாநகராட்சிக் குப்பைக்கிடங்கு. இந்த ஊர்கள் அமைந்த, பாலக்காட்டுக் கணவாய் முதல் கரூர் வரையிலான வணிகப் பெருவழியை ஒரே தொடராக அறிவிக்க வேண்டும். துண்டு துண்டாகக் காத்தால் கதை அறுந்துபோகும்.

காக்கும் முறையும் மாற வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டரில் கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் இருநூறு மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதிக்கிறது. கோயிலைச் சுற்றி இந்த வட்டம் பொருந்தும். பல பேர் பட்டாவில் பரந்து கிடக்கும் தொல்லூருக்கு எந்த இடத்தை மையமாக வைப்பது? விவசாயி வழக்கம்போல் உழட்டும். ஜேசிபி வைத்து மண் அள்ளுவதையும் கல்குழி வெட்டுவதையும் தடுத்தால் போதும். கிணறு வெட்டும் முன் தொல்லியல் துறை ஒரு மாதத்துக்குள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தாமதித்தால் துறையே ஈடு தர வேண்டும்.

இந்த உறுதி இல்லாதவரை, கடப்பாரையில் பானையோடு இடறினால் சத்தமில்லாமல் மண்ணைத் தள்ளி மூடிவிடுவதுதான் தோட்டக்காரருக்கு லாபம்.