சாவி யார் கையில்?

‘சர்ச்சுக்கு எதுக்கு சார் இந்த வேண்டாத வேலை?’

தன்பாலின ஈர்ப்பாளர்களுக்காக அமெரிக்காவில் ஒரு திருச்சபை கோர்ட்டுக்கே போன கதையைச் சொன்னபோது நண்பர் கேட்டது இது. நண்பர் பகுத்தறிவாளர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் இன்னொரு நண்பரும் இதையேதான் கேட்டார். இவர்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால் எனக்கு சந்தேகம் வந்துவிடும்!

வடக்கு கரோலினா மாநிலம். 2012 மே மாதம் ஓட்டெடுப்பு நடத்தி, ஆணும் பெண்ணும் செய்வது மட்டுமே திருமணம் என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆதரவு 61 சதவிகிதம். அதற்கு முந்தைய வருஷமே ஆஷ்வில் நகரில் ஜாஸ்மின் பீச்-ஃபெராரா என்ற பெண் போதகர் ஓர் இயக்கம் தொடங்கியிருந்தார். ஜோடிகள் அவரவர் ஊர் அலுவலகத்துக்குப் போய்க் கல்யாண லைசென்ஸ் கேட்பார்கள். கிடைக்காது என்று தெரியும். ஆனாலும் கேட்பார்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவராக இருக்கக்கூடிய சின்ன ஊரில் இதைச் செய்து பாருங்கள். பக்கத்தில் ஒரு போதகர் நிற்கிறாரா என்பது அங்கே சின்ன விஷயமில்லை.

2014 ஏப்ரலில் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் வழக்குப் போட்டது. (மதுரை அமெரிக்கன் கல்லூரியை ஆரம்பித்த மிஷனின் வாரிசு சபை இது.) லைசென்ஸ் இல்லாத ஜோடிக்கு மணம் செய்துவைத்தால் போதகருக்கே தண்டனை என்றது மாநிலச் சட்டம். இது எங்கள் மத சுதந்திரத்தில் கைவைப்பது என்றது சபை. அக்டோபர் 10-ம் தேதி திருமணத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

மதம் ஒதுங்கி இருக்கணும் என்கிறார் பகுத்தறிவு நண்பர். எங்கே ஒதுங்கி இருந்தது? அந்த 61 சதவிகிதத்துக்கு ஆள் திரட்டியதில் சர்ச்சுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் நாட்டிலும் 377-வது பிரிவு இருந்தே ஆகணும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனவற்றில் கிறிஸ்தவ அமைப்புகள் இருந்தன. எதிர்க்கிற சர்ச் பேசலாம், ஆதரிக்கிற சர்ச் வாயைப் பொத்தணுமா? தவிர, கிராமத்தில் பத்துப் பேர் பயமில்லாமல் கூடி உட்கார வேறென்ன இடம் இருக்கிறது? டீக்கடையிலா பேசுவார்கள்?

நான் பி.காம். வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியாது. இந்தச் சண்டையில் யுனைடெட் மெதடிஸ்ட் சபையை விட்டு 2019 முதல் 2023 வரை 7,600-க்கும் மேற்பட்ட உள்ளூர் சபைகள் வெளியேறின. அமெரிக்காவில் இருந்தவற்றில் கால்பங்கு! தென்மாநிலங்களில்தான் அதிகம். 2024 மே மாதம், அதே வடக்கு கரோலினாவின் ஷார்லட் நகரில் கூடி, தன்பாலின ஈர்ப்பாளர்கள் போதகராக இருந்த தடையை நீக்கினார்கள். 692-க்கு 51 ஓட்டு. நல்ல காரியம்தான். ஆனால், எதிர்த்தவர்களில் பலர் வெளியே போன பிறகு, நகரத்து மாநாட்டு ஹாலில் போட்ட ஓட்டு.

இருபது குடும்பம் வருகிற கிராமத்துச் சபையை நினைத்துப் பாருங்கள். காணிக்கையில் பாதி ஒரே பண்ணைக்காரருடையது. அவர் முறைத்துக்கொண்டிருக்கும்போதே, வியாழக்கிழமை சாயங்காலம் இந்தப் பிள்ளைகளுக்காக ஹாலைத் திறந்துவிடுகிறார் போதகர். அடுத்த மாதம் காணிக்கை நின்றால் அவர் சம்பளத்துக்கும் ஹால் கரன்ட் பில்லுக்கும் தலைமையகத்தில் எந்தக் கணக்கில் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள், ஐயா?