மேடையில் விருந்தாளி, ஐந்தாவது வரிசையில் அந்நியன்

மக்களே, ஒரு விழா பார்த்தேன். அதிலிருந்து மண்டைக்குள் ஒரு குடைச்சல். கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

கல்லூரிப் பெயர் வேண்டாம். எல்லாக் கல்லூரியிலும் இதே கூத்துதான். "சர்வதேச மாணவர் தினம் மற்றும் பன்முகப் பண்பாட்டு விழா" என்று வாசலில் ஒரு பிளக்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் மூன்று பேரை மேடையேற்றி, பையன்களுக்கு வேட்டி கட்டி, பொண்ணுக்குச் சேலை உடுத்தி, நெற்றியில் சந்தனம் வைத்து, "வணக்கம்" சொல்லச் சொன்னார்கள். சொன்னார்கள். அரங்கமே விசிலடித்தது. பிறகு ஒருவர் மைக்கைப் பிடித்து "யாதும் ஊரே" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு என்ன பேசியிருப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

நானும் கைதட்டினேன். பொய் சொல்லவில்லை. தட்டிக்கொண்டே பக்கத்தில் திரும்பினால், ஐந்தாவது வரிசையில் என் வகுப்புத் தோழன். காலையில் நாற்காலி அடுக்கியதில் சட்டையெல்லாம் அழுக்கு. அவனும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

அவன் இலங்கைத் தமிழர் முகாமில் இருந்து வருபவன். பெற்றோர் 1990-ல் படகேறி வந்தவர்கள். இவன் 2005-ல் இங்கேயே, திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவன். இலங்கையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். ஆனால் சட்டப்படி அவன் இந்தியன் இல்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடியுரிமை பெற வேண்டுமானால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. இவனுக்கு அப்பா அம்மா இருவருமே இலங்கைக்காரர்கள். கணக்கு முடிந்தது.

ஆக, அந்த அரங்கத்தில் வெளிநாட்டு மாணவர்கள் மூன்று பேர் இல்லை, நான்கு பேர். மூன்று பேருக்கு மாலை. நாலாமவனுக்கு நாற்காலி தூக்கும் வேலை.

இதுதான் என் சண்டை.

முதலில் அந்த நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 17 சர்வதேச மாணவர் தினம் என்பது வெளிநாட்டு மாணவருக்குச் சேலை உடுத்திப் பார்க்கும் நாள் இல்லை. 1939-ல் நாஜிகள் பிடியில் இருந்த பிராகாவில், அக்டோபர் 28-ஆம் தேதி ஆர்ப்பாட்டத்தில் சுடப்பட்ட யான் ஓப்லெட்டால் என்ற மருத்துவ மாணவர் நவம்பர் 11-ல் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலமே போராட்டமாக மாறியது. நவம்பர் 17 அன்று நாஜிகள் மாணவர் விடுதிகளுக்குள் புகுந்தார்கள். ஒன்பது பேரை விசாரணையே இல்லாமல் கொன்றார்கள். 1,200-க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு ஏற்றினார்கள். செக் பல்கலைக்கழகங்களை இழுத்துப் பூட்டினார்கள். அந்த நினைவாக 1941-ல் லண்டனில் கூடிய மாணவர்கள் அறிவித்த நாள் இது. முகாமுக்கு அனுப்பப்பட்ட மாணவர்களை நினைக்க வேண்டிய நாளில், முகாமிலிருந்து வரும் மாணவனைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம். இந்த முரண் மேடையில் இருந்த யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் அன்று உறைக்கவில்லை, வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் உறைத்தது.

"ஏம்ப்பா, அதுவும் இதுவும் ஒன்றா? அவர்கள் விசா எடுத்துப் படிக்க வந்தவர்கள், இவர்கள் அகதிகள்" என்பீர்கள். சரி, கொஞ்சம் பின்னால் போவோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதே ஆண்டில் அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர் வெளிவந்தார்கள். சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இரண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். அப்போதும் இலங்கை சென்னை மாகாணத்தில் சேர்ந்ததில்லை, தனிக் காலனி. அதாவது தமிழ்நாட்டின் முதல் பட்டதாரிகளே கடல் தாண்டி வந்தவர்கள்! அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிறகு கலித்தொகையை 1887-ல் அச்சேற்றினார். அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் நம் தமிழ்ப் பாடப் புத்தகம் என்ன ஆகியிருக்கும்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் யார்? மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1931-ல் வந்து பொறுப்பேற்றார். நம் பக்கத்துக் கதை வேண்டுமா? ஊர்காவற்றுறைக்காரரான தனிநாயகம் அடிகள் 1940-களின் தொடக்கத்தில் நம் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். தமிழை முறையாகக் கற்க உட்கார்ந்தது அங்கேதான். பிறகு அண்ணாமலையில் மாணவராகச் சேர்ந்தார். 1964-ல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமாக இருந்தவர், 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டியவர் அவர்தான். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு "வெளிநாட்டு மாணவர்". அவருக்கு வேட்டி கட்டிவிட்டு யாரும் போட்டோ எடுக்கவில்லை. உட்கார இடமும் கற்றுக்கொடுக்க ஆளும் தந்தார்கள். கொண்டாட்டம் என்றால் அதுதான்.

இப்போதைய நிலவரம் என்ன? 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். நம் தென்காசி மாவட்டத்தில் போகநல்லூரில் ஒரு முகாம், பக்கத்தில் கங்கைகொண்டானில் ஒரு முகாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது, பொறியியல் படிக்கத் தேர்வாகும் முதல் 50 பேரின் கல்விக் கட்டணத்தை ஏற்பது, "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றுவது எல்லாம் அதில் உண்டு. நல்லது, பாராட்டுகிறேன். ஆனால் பெயர் மாறினாலும் கணக்கெடுப்பு மாறவில்லை. குறித்த நாளில் முகாமில் ஆள் இருந்தாக வேண்டும். என் தோழன் எங்கள் தொழிற்சாலைச் சுற்றுலாவுக்கு வராததற்கு அதுதான் காரணம். நாங்கள் "கஞ்சப்பயல், காசு கட்டப் பயந்துட்டான்" என்று கிண்டல் செய்தோம். அவன் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொல்லியது. இலங்கை அதில் இல்லை. 2025-ல் வந்த ஒரு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது. குற்றவாளி இல்லை என்று சொல்லியாயிற்று, குடிமகன் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

சரி, மேடையில் நின்ற அந்த மூன்று பேராவது நிம்மதியாக இருக்கிறார்களா? மாலை கழுத்தில் இருக்கும்வரைதான் மரியாதை. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் துரத்தித் துரத்தி அடித்தது. 2024 மார்ச்சில் குஜராத் பல்கலைக்கழக விடுதியில் ரமலான் தொழுகை நடத்திய வெளிநாட்டு மாணவர்களை வெளியிலிருந்து வந்த கும்பல் தாக்கியது. அந்த நகரங்களிலும் பண்பாட்டு விழா நடத்தத்தான் செய்கிறார்கள். அடிக்க வரும் கும்பலைச் சந்தனப் பொட்டு தடுக்காது.

"நம்ம பிள்ளைகளுக்கே சீட் இல்லை, இதில் வெளிநாட்டுக்காரன் வேறா" என்று ஒரு குரல் எப்போதும் வரும். கணக்குப் போடுவோம். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் 2021-22-ல் இந்தியாவில் மொத்த மாணவர்கள் சுமார் 4.33 கோடி. வெளிநாட்டு மாணவர்கள் 46,878. பத்தாயிரத்துக்குப் பதினொரு பேர்! அதிலும் நாலில் ஒன்றுக்கு மேல் நேபாளத்துக்காரர்கள். இந்தப் பதினொரு பேரா நம் சீட்டைத் தின்றுவிட்டார்கள்? சும்மா கதை விடாதீங்கப்பா.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபப்படாதீர்கள். நம் பக்கத்தில் பன்முகம் என்றால் என்ன தெரியுமா? மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு. கயிற்றின் நிறத்தைப் பார்த்து இன்ன சாதி என்று கண்டுபிடித்துப் பேசுவது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், பொட்டு எதுவும் சாதி அடையாளமாகப் பள்ளிக்குள் வரக்கூடாது என்றது. பக்கத்துத் தெருக்காரனோடு ஒரு பெஞ்சில் உட்கார மாட்டோம், பக்கத்துக் கண்டத்துக்காரனோடு செல்பி எடுப்போம். இதற்குப் பெயர் பன்முகமா? திருவேங்கடம், சங்கரன்கோவில், சிவகாசி என்று பஸ்ஸில் போனால் வேலைக்கு வந்த பீகார்ப் பையனை "ஏலே வடக்கா, தள்ளி நில்லு" என்கிறோம். அவனும் வேற்றுப் பண்பாடுதானே? அவனுக்கு ஏன் மாலை இல்லை? அவனைப் போட்டோ எடுத்துப் போட்டால் கல்லூரிக்கு அட்மிஷன் கூடாது, அவ்வளவுதான்.

விழாவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அந்தக் கென்யாப் பாட்டு பிரமாதமாக இருந்தது, நானும் ஆடினேன் :-) விழாவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யுங்கள் என்கிறேன். "குடியுரிமை மத்திய அரசு விஷயம், கல்லூரி என்ன பண்ணும்" என்று தப்பிக்க வேண்டாம். கல்லூரியால் முடிந்ததே நிறைய இருக்கிறது. முகாம் மாணவருக்கு உள்ளூர்க் கட்டணம் மட்டும் வாங்கலாம். கணக்கெடுப்பு நாளில் ஆஜர் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் கம்பெனிகளிடம் இவர்களுக்காகப் பேசலாம். வெளிநாட்டு மாணவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காதபோது கூட ஒரு ஆசிரியரை அனுப்பலாம். விடுதி மெஸ்ஸில் அவர்கள் சாப்பிடுகிற மாதிரி வாரத்துக்கு ஒருநாள் சமைக்கலாம். வாசலில் கயிற்றைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்று சொல்லலாம். இதற்கெல்லாம் பிளக்ஸ் தேவையில்லை. போட்டோவும் வராது. அதனால்தான் யாரும் செய்வதில்லையோ என்னவோ.

மாணவர்களாகிய நமக்கும் வேலை உண்டு. உங்கள் வகுப்பில் சுற்றுலாவுக்கு வராதவன் யார், ஊர் எது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறவன் யார் என்று ஒரு தடவை யோசியுங்கள். நான் மூன்று வருடம் யோசிக்கவில்லை.

விழா முடிந்து நாற்காலிகளைத் திரும்ப அடுக்கும்போது அவனிடம் கேட்டேன், "உன்னையும் மேடைக்குக் கூப்பிட்டிருந்தா போயிருப்பியா?"

"நான் எதுக்குலே போகணும்? நான் இந்த ஊர்க்காரன்லா" என்றான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கும் சட்டத்துக்கும்தான் இன்னும் தெரியவில்லை.