முதலில் நீங்கள் யோசியுங்கள், பிறகு கம்ப்யூட்டர்!

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் பிள்ளைகளுக்காக ஒரு செஸ் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்போம். திருமுக்கூடலில் என் அக்கா வீட்டிலும் அப்படித்தான். அண்மையில் போயிருந்தபோது அக்கா மகன் குகேஷின் ஆட்டம் ஒன்றை ஸ்கிரீனில் ஓடவிட்டுக் கொண்டிருந்தான். பக்கத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச செஸ் எஞ்சின் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மதிப்பெண் காட்டிக் கொண்டிருந்தது.

அது 2024 டிசம்பர் 8 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 11வது ஆட்டம். சென்னை குகேஷுக்கு வெள்ளைக் காய்கள். எதிரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென். அதுவரை இருவருக்கும் தலா 5 புள்ளிகள். நடுக்கட்டங்களைப் பிடிக்க ராஜா அல்லது ராணியின் முன்னுள்ள சிப்பாயை முதலில் நகர்த்துவது பலரின் வழக்கம். குகேஷோ குதிரையை எடுத்தார். அடுத்து ராணிப் பக்கச் சிப்பாய்களைத் தள்ளினார். இப்படி ஓரத்திலிருந்து நடுவைத் தாக்குவது ரேட்டி ஓப்பனிங். நான்காவது நகர்த்தலுக்கே டிங் அரைமணி நேரத்துக்கு மேல் யோசித்தார். 28வது நகர்த்தலில் ராணியைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் தன் ராணியால் குதிரையை வெட்டியதும் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"டிங் செஞ்சது தப்பு மாமா" என்றான் பையன்.

"ஏன் தப்பு?"

"கம்ப்யூட்டர் சொல்லுதே!"

அதற்கு மேல் அவனிடம் பதில் இல்லை.

எஞ்சின் விடையைத் தரும். காரணத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் அவரை எஞ்சின் இல்லாமலேயே பழக்கினார். அந்தச் சிறுவன்தான் 2019ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனான்.

நானும் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன்தான். எஞ்சின் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய ஆட்டக்காரர்களும் அதை வைத்துத்தான் போட்டிக்குத் தயாராகிறார்கள். ஆனால் அவர்கள் முதலில் யோசிக்கக் கற்றவர்கள்.

ஆகவே முதலில் எஞ்சினை ஆஃப் செய்யுங்கள். பிள்ளை தன் நகர்த்தலையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுதட்டும். பிறகு ஆன் செய்து ஒப்பிடுங்கள்.

அன்று நாங்களும் அப்படியே செய்தோம். அவன் எழுதிய முதல் இரண்டு காரணங்களும் தவறு. மூன்றாவதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. ஆனால் அது அவனே கண்டுபிடித்தது.