அச்சேறிய பொய் அரியணை ஏறுவதோ?

"ஏட்டில் எழுதியிருக்கிறது!" இந்த ஒரே சொல்லைக் காட்டி நூற்றாண்டுக் கணக்கில் நம் வாயை அடைத்தார்கள். எந்த ஏடு? எவர் எழுதியது? எவர் நலனுக்காக எழுதியது? சான்று எங்கே? என்று கேட்டவன் நாத்திகன் என ஏசப்பட்டான். ஏச்சைத் தாங்கிக்கொண்டு கேட்டோம். கேட்டதால்தான் தலை நிமிர்ந்தோம்.

இன்று வேறொரு சொல் மேடைதோறும் ஒலிக்கிறது. "ஆய்விதழில் வெளிவந்திருக்கிறது!" சொல்பவர் பஞ்சாங்கம் ஏந்திய புரோகிதர் அல்லர்; பட்டங்கள் பல தாங்கிய பேராசிரியர். கேட்பவரோ, பகுத்தறிவாளராகிய நாம்! கைதட்டுகிறோம், கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் மறந்துவிடுகிறோம். ஏட்டுக்கு அஞ்சாத நாம் இதழுக்கு மட்டும் ஏன் தலைவணங்க வேண்டும்?

இந்த மறதிக்கு மக்கள் கொடுத்த விலையைக் காண்போம். இங்கிலாந்தில் 1823 முதல் வெளிவரும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் 'லான்செட்'. அதில் 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரும் வேறு 12 பேரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஆராயப்பட்ட குழந்தைகள் வெறும் 12 பேர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்ற அச்சத்தை அது கிளப்பிற்று. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த ஒரு வழக்கறிஞர் வழியாக அவருக்குப் பணம் வந்துகொண்டிருந்ததே, அதை அவர் இதழுக்குச் சொன்னாரா? சொல்லவில்லை!

பெற்றோர் நடுங்கினர். இங்கிலாந்தில் அந்த ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் அளவு, 2003-04இல் நூற்றுக்கு 80 என்ற நிலைக்கு இறங்கிற்று. அடங்கிக் கிடந்த தட்டம்மை மீண்டும் தலைதூக்கிற்று. உண்மையை வெளிக்கொணர்ந்தவர் யார்? இதழின் ஆசிரியர் குழுவா? இல்லை! பிரையன் டீர் என்ற செய்தியாளர், 2004 முதல் விடாது துருவினார். அவ்வாண்டே, கட்டுரையில் பெயர் பொறித்தவர்களில் 10 பேர் அதன் முடிவைக் கைவிட்டனர். 'லான்செட்' அக்கட்டுரையை முழுதும் திரும்பப் பெற்றதோ 2010 பிப்ரவரியில்தான்! பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பொய் அறிவியலின் அரியணையில் வீற்றிருந்தது. அதே 2010 மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அவர் விதைத்த அச்சத்தை எந்தப் பட்டியலிலிருந்து நீக்குவது?

புகழ்பெற்ற இதழின் கதையே இப்படி என்றால், பணத்துக்குப் பக்கம் விற்கும் இதழ்களின் கதை என்ன? ஜான் போஹானன் என்பார், புற்றுநோய் மருந்து பற்றிப் பிழை மலிந்த ஒரு பொய்க் கட்டுரையைப் புனைந்தார். எழுதியவர் பெயர் கற்பனை. அவருடைய நிலையமும் கற்பனை. 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! 2013 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் இதனை வெளியிட்டார். துறை வல்லுநர் மதிப்பாய்வு என்று முகப்பில் முழங்கியவை, படித்துப் பார்க்கும் பணியைக்கூடச் செய்யவில்லை. பணப்பெட்டி திறந்திருந்தது; கண் மூடியிருந்தது.

வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். அவ்வணிகத்தில் இந்தியாவின் பங்கு சிறிதன்று. ஐதராபாத்தைச் சேர்ந்த 'ஓமிக்ஸ்' நிறுவனம், மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் சொன்னது, கட்டணத்தை மறைத்தது, இசைவு தராத அறிஞர்களின் பெயரை ஆசிரியர் குழுவில் காட்டியது என்ற குற்றங்களுக்காக, 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவோ 2018 மே மாதம் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கிற்று. நீக்கியது நன்று, சேர்த்தது எப்படி? பிறகு 'கேர்' என்ற புதுப் பட்டியல் வந்தது. அதுவும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பட்டியல் மாறிற்று, பழக்கம் மாறிற்றா?

மாறாது! நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 2010இல் அதே குழு, கட்டுரைக்கு இத்தனை புள்ளி எனக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. பதவிக்குப் புள்ளி, புள்ளிக்குக் கட்டுரை, கட்டுரைக்குக் கட்டணம்! கோயில் வாயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

திருட்டைத் தடுக்க 2018இல் விதி வந்தது உண்மை. பிறர் எழுத்தோடு ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரை இருந்தால் பொறுக்கப்படும். அதற்கு மேல் ஏற ஏறத் தண்டனையும் ஏறும். வரவேற்கிறோம். பார்த்து எழுதும் மாணவனை வகுப்பில் எழுப்பி நிறுத்தும் ஆசிரியர்கள் நாம். ஆயினும் ஒரு கேள்வி. தானே புனைந்த எண்ணுக்கு எந்த எழுத்தோடு ஒப்புமை காண்பது? நடக்காத சோதனையை நடந்ததாக எழுதினால் ஒப்புமை சுழி! சொல்லைத் திருடியவன் பிடிபடுவான். உண்மையைத் திருடியவன் மாலை சூடிச் செல்வான்!

வைதிகர் இதைக் கேட்டு மகிழ்வர். "பார்த்தீர்களா, உங்கள் அறிவியலும் பொய் சொல்கிறது!" என்பர். ஆம், ஐயா! அறிவியலின் பெயரால் மனிதன் பொய் சொல்கிறான். அதைக் கண்டுபிடித்து, நாளும் ஆண்டும் குறித்து, "திரும்பப் பெற்றோம்" என்று உலகறிய அறிவிக்கிறோம். வைலி என்ற அமெரிக்கப் பதிப்பகம், தன் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. உங்கள் புராணத்தில் இதுவரை எந்தப் பக்கத்தைத் திரும்பப் பெற்றீர்கள்? பிழையை ஒப்புவது எங்கள் இழிவன்று, எங்கள் வலிமை. அவ்வலிமை மங்கிவிடக் கூடாதே என்பதுதான் எங்கள் கவலை.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. எண்ணிக்கையைப் பார்த்துப் பதவி தராதீர்; எழுதியதைப் படித்துப் பார்த்துத் தருக. முடிவை மட்டும் அச்சிடாதீர். அதற்கு அடிப்படையான தரவையும் திறந்து வைக்க. பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரையிலேயே சொல்க. உழைத்தவன் பெயரை முன்னே பொறிக்க. மாணவன் கண்விழித்துச் செய்த ஆய்வில், ஒரு வரியும் எழுதாத மேலாளர் பெயர் ஏறுவது, உழுதவன் நெல்லை மிராசுதாரர் அள்ளிச் சென்ற பழைய கதையேயன்றி வேறன்று!

அதிகாரத்தில் இருப்போர் தாமாகவே இவற்றைச் செய்துவிடுவர் என்று நாம் நம்பவில்லை. எனவே, தோழர்களே, நம் வேலை ஒன்று உண்டு. ஆய்விதழைக் காட்டி எவர் பேசினாலும், அது நமக்கு உகந்த முடிவே ஆயினும், எழுந்து நின்று கேளுங்கள். எவர் ஆராய்ந்தார்? எத்தனை பேரிடம்? எவர் பணம்? மறுமுறை சோதித்தவர் உண்டா? பகைவன் பொய்யை மட்டும் உரித்துக் காட்டுபவன் கட்சிக்காரன். தனக்கு இனிக்கும் பொய்யையும் உரித்துக் காட்டுபவனே பகுத்தறிவாளன்.

ஏட்டை நோக்கி எழுப்பிய கேள்வியை இதழை நோக்கியும் எழுப்புவோம். விடை சொல்லும் இதழ் வாழட்டும். விடைக்கு அஞ்சும் இதழ் வீழட்டும்!