பீட்டா அலனீனும் பள்ளி மைதானமும்

வெள்ளைத் தூள் அடங்கிய டப்பா ஒன்றைக் காட்டி, "இதைச் சாப்பிட்டால் வேகமாக ஓடலாமா, ஐயா?" என்று மாணவர்கள் தேகப்பயிற்சி ஆசிரியரைக் கேட்கும் காலம் இது. டப்பாவின்மேல் பீட்டா அலனீன் என்ற பெயர் காணப்படுகிறது. இதனை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குவதும் சரியன்று. விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட பொருள் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் சரியன்று.

பீட்டா அலனீன் ஓர் அமினோ அமிலம். எனினும், இது புரதத்தில் சேர்ந்து தசையை வளர்ப்பதில்லை. ஹிஸ்டிடின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்துடன் இணைந்து, தசையினுள் கார்னோசின் என்ற பொருளாக மாறுகிறது. கார்னோசினை 1900ஆம் ஆண்டில் ருஷ்ய விஞ்ஞானி குலேவிச் இறைச்சிச் சாற்றில் கண்டறிந்தார். கடுமையாக உழைக்கும் தசையில் ஹைட்ரஜன் அயனிகள் பெருகி அமிலத்தன்மை மிகும்போது, கார்னோசின் அவற்றில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு, தசை சோர்வதைச் சற்றே தாமதப்படுத்துகிறது. உடலில் ஹிஸ்டிடினுக்குக் குறைவில்லை; பீட்டா அலனீனின் அளவே கார்னோசினுக்கு வரம்பு கட்டுகிறது. இதனைச் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டால் தசையில் கார்னோசின் பெருகும் என்பதை 2006இல் ஹாரிஸும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர்.

இவ்வளவும் உண்மையே. ஆனால், பயன் எத்துணை என்பதே கேள்வி. 15 ஆய்வுகளையும் 360 பேரையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. அதில் காணப்பட்ட முன்னேற்றத்தின் இடைநிலை அளவு 2.85 சதவிகிதமே. ஒரு நிமிஷத்திற்கும் குறைந்த முயற்சிகளில் பயன் தென்படவில்லை. ஒன்று முதல் நான்கு நிமிஷம் வரை நீடிக்கும் முயற்சிகளில்தான் அது தெளிவாயிற்று. அதுவும் களைத்து ஓயும்வரை உழைக்கச் செய்யும் சோதனைகளில் தெரிந்த அளவுக்குப் பந்தயத்தை ஒத்த சோதனைகளில் தெரியவில்லை. 100 மீட்டர் ஓடுபவனுக்கு இத்தூள் உதவும் என்று சொல்ல ஆதாரமில்லை. மேலும், இவ்வாய்வுகள் பெரும்பாலும் வயது வந்தோரிடம் நடத்தப்பட்டவை. வளரும் சிறுவர் சிறுமியரைப் பற்றிய சான்று மிகச் சொற்பம்.

இத்தூளை ஒரே வேளையில் அதிகமாக உட்கொண்டால் முகத்திலும் கைகளிலும் குறுகுறுப்பு தோன்றி, ஒரு மணி நேரத்திற்குள் அடங்கும். "மருந்து வேலை செய்கிறது" என்று மாணவன் மகிழ்வான். அந்த உணர்ச்சி தோல் நரம்புகளைச் சார்ந்தது. தசையின் வலிமைக்கு அது அடையாளமாகாது. கார்னோசின் பெருக வாரக் கணக்கில் காலம் வேண்டும் என்பதை அவனுக்கு விளக்குதல் அவசியம்.

இதனினும் பெரிய அபாயம் டப்பாவின் முகப்பில் எழுதப்படாததில் இருக்கிறது. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் தடைப் பட்டியலில் பீட்டா அலனீன் இல்லை. ஆயினும், 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிப் பரிசோதிக்கப்பட்ட, ஹார்மோன் அல்லாதவை என விற்கப்பட்ட 634 துணையுணவுகளில், 94இல் மேலுறையில் குறிப்பிடப்படாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் கலந்திருந்தன. தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் காணப்பட்டால் பொறுப்பு விளையாட்டு வீரரையே சாரும். அறியாமல் உண்டதாகக் கூறுவதால் மட்டும் தப்ப இயலாது. மாவட்டப் போட்டியிலிருந்து மாநிலப் போட்டிக்கு உயரும் ஏழைச் சிறுமி ஒருத்திக்கு, ஒரு டப்பா தூளால் பல ஆண்டு உழைப்பு வீணாகக்கூடும்.

நன்கு பயிற்சி பெற்று, மருத்துவர் மேற்பார்வையில், நொடியின் சிறு பகுதிக்காகப் போராடும் தேசிய வீரருக்கு இச்சிறு லாபம் மதிப்புடையதாகலாம். பள்ளி மைதானத்தின் நிலைமை வேறு. அங்கே காலையில் வெறும் வயிற்றுடன் ஓட வரும் பிள்ளைகள் பலர். பயறு, நிலக்கடலை, பால், முட்டை, போதிய உறக்கம், ஒழுங்கான பயிற்சி ஆகியவை அவர்களுக்குத் தரும் முன்னேற்றத்தை எந்தத் தூளும் ஈடுசெய்யாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும், உடற்கட்டை வளர்க்கப் புரதத் துணையுணவுகளை நாடுதல் வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.

ஆகவே, மாணவன் டப்பாவுடன் வரும்போது ஆசிரியர் முதலில் கேட்கவேண்டியது, "இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்பதே. கிராமங்களில் பெற்றோரைச் சந்திக்கும் களப் பணியாளரும், டப்பாவுக்கு ஒதுக்கும் பணத்தை வீட்டு உணவுக்கே செலவிடும்படி எடுத்துரைப்பாராக. விஞ்ஞானத்தை மதிப்பவர் அது வகுத்த எல்லையையும் மதித்தல் வேண்டும்.