விண்டோஸில் ஓடிவிட்டால் டிஸ்க் நல்லதா?

விண்டோஸில் ஒழுங்காக ஓடும் ஹார்ட் டிஸ்க் லினக்ஸில் பிழை காட்டினால் குற்றவாளி லினக்ஸ்தான். டிஸ்க்கைச் சந்தேகிக்காதீர்கள், லினக்ஸைத் தூக்கிப் போடுங்கள். சென்ற இதழில் நம் வன்பொருள் நிபுணர் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் இவ்வளவுதான். சோதனை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். இயங்குதளத்தை மாற்றினால் டிரைவர், கோப்பு முறைமை, மின்சேமிப்பு அமைப்பு, டிஸ்க்குக்குப் போகும் கட்டளைகள் எல்லாமே ஒன்றாக மாறிவிடுகின்றனவே, பிறகு எதை வைத்து அவர் தீர்ப்பு எழுதினார்?

விண்டோஸ் எந்தப் பிழையும் காட்டவில்லை என்பது அவருடைய முதல் வாதம். அது காட்டவில்லையா, இவர் பார்க்கவில்லையா? ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்தால், கெட்ட பிளாக்குக்கு 7, கன்ட்ரோலர் பிழைக்கு 11, தோற்ற கட்டளையை மறுபடி அனுப்பியதற்கு 153 என்று விண்டோஸ் எண் போட்டு எழுதி வைத்திருக்கும். லினக்ஸ் கர்னல் அதே சங்கதியை வெளிப்படையாகக் கொட்டுகிறது: எந்தக் கட்டளை தோற்றது, எப்போது இணைப்பை ரீசெட் செய்தது, சாட்டா வேகத்தை 6.0 கிகாபிட்டிலிருந்து 3.0க்கு ஏன் இறக்கியது என்று வரிவரியாக. வாய்விட்டுச் சொன்னவன் குற்றவாளி, டைரியில் எழுதி மூடி வைத்தவன் உத்தமன் என்பது எந்த ஊர் நியாயம்? இதற்கும் மேலான சாட்சி டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலின் 199ஆம் எண், கேபிள் வழியே வந்த தரவு சிதைந்த தடவைகளைக் கணக்கு வைப்பது. எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, விண்டோஸிலேயே ஒரு பெரிய கோப்பைப் பிரதியெடுத்து, மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் கேபிளோ கனெக்டரோ சரியில்லை. விண்டோஸ் சத்தமில்லாமல் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சமாளித்திருக்கிறது.

இரண்டிலும் ஓடுவது ஒரே டிஸ்க்தானே என்பது அடுத்த வாதம். டிஸ்க் ஒன்று, பார்ட்டிஷன் இரண்டு. லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் கெட்ட செக்டரை விண்டோஸ் எதற்காகப் படிக்கப் போகிறது? படிக்காத பாடத்தில் தோற்கவில்லை என்று மெச்சிக்கொள்வது எவ்வகைத் தர்க்கம்?

வன்பொருள் பழுதென்றால் எல்லா இயங்குதளத்திலும் தெரிந்தாக வேண்டும் என்பதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம். இதற்கு ஆதாரமாக 2015இல் ஆல்கோலியா நிறுவனத்தில் நடந்ததை எடுத்துக்காட்டுகிறார். சாம்சங் எஸ்.எஸ்.டி.க்களில் தரவு சிதைந்தது; முதலில் பழி டிஸ்க்கின் மேல் விழுந்தது; கடைசியில் லினக்ஸின் ரெய்டு நிரலில்தான் பிழை என்று தெரிந்தது. உண்மைதான். ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார்? சாம்சங் பொறியாளர்கள், பிழையின் தடத்தைக் கர்னல் வரைக்கும் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தார்கள். விண்டோஸில் ஓடுகிறதே என்று கையைத் தட்டிவிட்டு எழுந்து போகவில்லை. அதே காலத்தில் நடந்த மறுபாதியை அவர் ஏன் சொல்லவில்லை? சாம்சங்கின் 840, 850 வரிசை எஸ்.எஸ்.டி.க்கள், இனித் தேவையில்லாத இடங்களைத் தெரிவிக்கும் ட்ரிம் கட்டளை மற்ற கட்டளைகளோடு வரிசையில் வந்தாலும் ஏற்போம் என்று அறிவித்துவிட்டு, வந்தபோது சொதப்பின. லினக்ஸ் அந்த அறிவிப்பை நம்பிக் கட்டளையை அனுப்பியது. விண்டோஸ் அனுப்பவே இல்லை. பழுது எஸ்.எஸ்.டி.யின் ஃபர்ம்வேரில், வெளிப்பட்டதோ லினக்ஸில் மட்டும்! அவற்றுக்கு அந்தக் கட்டளை போகக் கூடாது என்று கர்னலிலேயே தடைப்பட்டியல் எழுதினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

கடைசியாக, வாடிக்கையாளரின் டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதாம். விஸ்டா தொடங்கி, விண்டோஸின் முழு ஃபார்மட் பார்ட்டிஷன் முழுவதும் பூஜ்ஜியம் எழுதுகிறது. படிக்க முடியாதிருந்த செக்டர் எழுத்தை ஏற்றால் டிஸ்க் அதையே வைத்துக்கொள்கிறது, ஏற்காவிட்டால் உபரிச் செக்டரை மாட்டிக்கொள்கிறது; ஸ்மார்ட்டில் நிலுவைச் செக்டர்களை எண்ணும் 197 இறங்கும், மாற்றிய செக்டர்களை எண்ணும் 5 ஏறலாம். அறிகுறி அழிந்தது, தடயமும் வாடிக்கையாளரின் தரவும் கூடவே அழிந்தன. எந்த டிஸ்க்கும் முன்னறிவிப்பின்றிச் சாகும், பேக்கப் எடுங்கள் என்று அதே கட்டுரையில் உபதேசிப்பவர், லினக்ஸ் கொடுத்த முன்னறிவிப்பைத்தானே குப்பையில் போடச் சொல்கிறார்? டிஸ்க் நல்லது என்று சொல்லிவிட்டால் வாரன்டியில் மாற்றித்தர வேண்டியதில்லை என்ற வசதி யாருக்கு என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது எளிது. முதலில் தரவைப் பிரதியெடுங்கள். 5, 197, 199 எண்களைக் குறியுங்கள். கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை, பிறகு அதே போர்ட்டில் வேறு டிஸ்க்கை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓடவிடுங்கள். அதை நடத்துவது டிஸ்க்கின் சொந்த ஃபர்ம்வேர், அதில் விண்டோஸுக்கும் வேலையில்லை, லினக்ஸுக்கும் வேலையில்லை. அத்தனையும் சுத்தமாக வந்த பிறகு டிரைவரையும் கர்னலையும் சந்தேகியுங்கள், நானும் சந்தேகிப்பேன். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ஊராரின் தரவின் மேல் தீர்ப்பெழுத, நிபுணர் என்ற பட்டம் யாருக்கும் உரிமை தருவதில்லை.